வழியனுப்பு முடிந்தும் புறப்படாத பயணம்: இரண்டு இளம் மிஷனரிகளின் விசா தாமதம் குறித்த நிகழ்வு ஆய்வு

எதைப் பற்றியது

தென் தமிழ்நாட்டில் உள்ள ஒரு பெண்கள் துறவற சபை தன் இரண்டு இளம் சகோதரிகளைத் தான்சானியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. ஆகஸ்டில் நடந்திருக்க வேண்டிய பயணம், ஒருவருக்கு அடுத்த ஜனவரியிலும் மற்றவருக்கு ஏப்ரலிலும்தான் நடந்தது. கொரோனா முடக்கமெல்லாம் முடிந்து விமானங்கள் வழக்கம்போல் ஓடத் தொடங்கிய பிறகு நடந்த கதை இது. ஆகவே தாமதத்துக்கு நோயைக் காரணம் காட்ட வழியில்லை.

சபை, மறைமாவட்டம், ஊர், ஆட்கள் எவருடைய அடையாளமும் இங்கே தரப்படவில்லை. மூத்தவரைச் செவிலியர் சகோதரி என்றும், இளையவரை ஆசிரியர் சகோதரி என்றும் குறிப்பிடுகிறேன். இருவருக்கும் அப்போது முப்பது வயதுக்குள். நான் அந்தச் சபையில் உறுப்பினர் இல்லை. சில சபைகளுக்கு ஆவண வேலைகளில் உதவும் பொதுநிலையினர், அதாவது துறவியோ குருவோ அல்லாதவர். மிஷனுக்கு ஆள் அனுப்பும் பிற இல்லங்களுக்குப் பயன்படும் என்று சபையின் மாநிலத் தலைவி (இந்தப் பகுதி இல்லங்களுக்குப் பொறுப்பான சகோதரி) ஒப்புக்கொண்டதால் இதை எழுதுகிறேன்.

பின்னணி

தான்சானியாவின் கிராமப்புற மறைமாவட்டம் ஒன்றில் இந்தச் சபைக்கு ஒரு சிறிய மருந்தகமும் மழலையர் பள்ளியும் உண்டு. அங்கே இருந்த மூத்த சகோதரிகளில் ஒருவர் உடல்நலக் குறைவால் ஊர் திரும்பினார். அந்த இடத்துக்கு ஒரு செவிலியரும் பள்ளிக்கு ஓர் ஆசிரியரும் வேண்டும் என்று அங்குள்ள இல்லம் கேட்டது, அந்த மறைமாவட்டத்தின் ஆயரும் கடிதம் எழுதினார். மே மாதம் நடந்த சபைக் கூட்டத்தில் இருவர் பெயரும் அறிவிக்கப்பட்டன.

திட்டம் எளிமையாக இருந்தது. ஆகஸ்டில் புறப்படுவது, செப்டம்பரில் சுவாகிலி வகுப்பில் சேர்வது, புத்தாண்டில் பணியைத் தொடங்குவது. இதில் அசைக்க முடியாதது நடுவில் இருந்த மொழி வகுப்புதான். தான்சானியாவில் கிராம மருந்தகத்துக்கு வரும் தாய்மாரும் மழலையர் வகுப்புக் குழந்தைகளும் பேசுவது சுவாகிலி. அது தெரியாமல் போகிறவர் பாதி ஊமையாகத்தான் உட்கார்ந்திருப்பார். விக்டோரியா ஏரிக்கரையில் முசோமாவில் உள்ள மகோகோ பள்ளி போன்ற இடங்களில் வெளிநாட்டு மிஷனரிகள் சில மாதம் தங்கி மொழி கற்பது நெடுநாள் வழக்கம். இத்தகைய வகுப்புகள் தொகுதி தொகுதியாக நடப்பவை. ஒரு தொகுதியைத் தவறவிட்டால் அடுத்தது தொடங்கும்வரை காத்திருக்க வேண்டும்.

பெயர் அறிவித்த கையோடு இரண்டு காரியங்கள் நடந்தன. ஆகஸ்டு மூன்றாம் வாரத்துக்கு விமானச் சீட்டு எடுக்கப்பட்டது. விலை குறைவு என்பதால் பணம் திரும்பாத வகைச் சீட்டு. அப்புறம், ஜூலை கடைசி ஞாயிறு செவிலியர் சகோதரியின் சொந்தப் பங்கில், அதாவது ஊர்க் கோவிலில், வழியனுப்பு விழா வைக்கப்பட்டது. திருப்பலி, பொன்னாடை, அன்பியங்கள் எனப்படும் பங்கின் சிறு குழுக்கள் சார்பில் காணிக்கை, ஊருக்கே சாப்பாடு. அன்றைக்கு அவர் கையில் பாஸ்போர்ட்டைத் தவிர வேறு எந்தத் தாளும் இல்லை.

கவனித்தவை

*பெயர்.* ஆகஸ்டு முதல் வாரத்தில் தான்சானியாவிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. அனுமதிக்கான இணைய விண்ணப்பத்தில் எழுதிய பெயரும் இணைத்த பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் வேறாக இருப்பதால் விண்ணப்பம் திருப்பப்பட்டது என்றது அது. ஆவணங்களையெல்லாம் மேசையில் பரப்பிப் பார்த்தபோது செவிலியர் சகோதரிக்கு நான்கு பெயர்கள் இருந்தன. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு முன்னெழுத்தும் ஞானஸ்நானப் பெயரும். செவிலியர் பட்டயத்தில் இரண்டு முன்னெழுத்துகள். ஊரின் முதலெழுத்து எப்படியோ சேர்ந்துவிட்டது. பாஸ்போர்ட்டில் தகப்பனார் பெயர் குடும்பப் பெயராக விரிந்திருந்தது, ஆனால் ஆதாரில் உள்ளதைவிட ஓர் எழுத்து குறைவு. ஆயரின் அழைப்புக் கடிதத்திலோ இவை எதுவும் இல்லை. வார்த்தைப்பாட்டின்போது (துறவற வாக்குறுதி கொடுக்கும்போது) எடுத்த துறவறப் பெயர் மட்டுமே இருந்தது. தான்சானியா இல்லத்தில் எல்லோரும் அவரை அந்தப் பெயரால்தான் அறிவார்கள். அதனால் விண்ணப்பத்தையும் அதே பெயரில் போட்டுவிட்டார்கள்.

குடும்பப் பெயர் என்ற வழக்கமே இல்லாத நமக்கு இது புதிய தலைவலி அல்ல. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் முன்னெழுத்தை அப்படியே போட முடியாது, விரித்து எழுத வேண்டும். விரிக்கும்போது தகப்பனார் பெயரை எந்தக் கட்டத்தில் போடுவது என்பது அன்றைக்குக் கணினி முன் உட்கார்ந்திருப்பவரின் விருப்பம். துறவறத்தில் இருப்பவர்களுக்கு இதன்மேல் இன்னொரு பெயரும் ஏறுகிறது. ஆசிரியர் சகோதரி இதில் தப்பினார். வளைகுடாவில் வேலை பார்க்கும் அவருடைய அண்ணன் பட்ட பாட்டால், தங்கைக்குப் பாஸ்போர்ட் எடுக்கும்போதே எல்லாச் சான்றிதழ்களையும் ஒரே பெயருக்குக் கொண்டுவந்து வைத்திருந்தார்.

*முகவரி.* காவல்துறையின் நன்னடத்தைச் சான்று, அதாவது பி.சி.சி., பாஸ்போர்ட் சேவா வழியாகத்தான் கிடைக்கும். கட்டணம் 500 ரூபாய், வேலை பெரிதல்ல. செவிலியர் சகோதரியின் பாஸ்போர்ட்டில் இருந்தது அவர் பிறந்த ஊர் முகவரி. அதையே கொடுத்து விண்ணப்பித்தார்கள். விசாரிக்க வந்த காவலரிடம் அவருடைய தகப்பனார் உள்ளதை உள்ளபடியே சொன்னார்: மகள் மடத்தில் சேர்ந்து பல வருஷமாச்சு, இங்கே இல்லை. அறிக்கையும் அப்படியே போனது: இந்த முகவரியில் வசிக்கவில்லை. விண்ணப்பம் நின்றுவிட்டது. தகப்பனார் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்று மடத்தில் யாரும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது.

*அனுமதி வகை.* இதுதான் மையமான சிக்கல். தான்சானியாவில் வெளிநாட்டவர் தங்கிப் பணி செய்ய இரண்டு தனித்தனி அனுமதிகள் வேண்டும். ஒன்று தொழிலாளர் ஆணையர் தரும் பணி அனுமதி. 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி வகுப்பு வகுப்பாகப் பிரிக்கப்பட்டது. மருத்துவம் போன்ற குறிப்பிட்ட தொழில்கள் பி வகுப்பில் வரும். பதிவு பெற்ற சமய, அறப்பணி அமைப்புகளில் ஈடுபடுவோர் டி வகுப்பில். மற்றது குடிவரவுத் துறை தரும் வசிப்பு அனுமதி. மிஷனரிகளுக்கு அதில் சி வகுப்பு. இரண்டுக்கும் எழுத்து ஒன்றுபோலத் தோன்றினாலும் பொருள் வேறு. அங்குள்ள இல்லமே இதைக் குழப்பிக்கொண்டிருந்தது. ஆசிரியர் சகோதரிக்கு டி என்பது தெளிவு. செவிலியராகவும் இருக்கும் துறவிக்கு எது? அவர் நோயாளிகளைத் தொட வேண்டுமானால் அந்நாட்டுச் செவிலியர், மருத்துவச்சியர் மன்றத்தின் பதிவும் வேண்டும். அதற்கு இங்கே தமிழ்நாடு செவிலியர், மருத்துவச்சியர் குழுமத்திலிருந்து நற்சான்று போக வேண்டும். அந்த நற்சான்று எந்தப் பெயரில் வரும் என்று கேட்டால், மறுபடி முதல் பிரச்சினைக்கே வந்து நிற்போம்.

*ஆள்.* செப்டம்பர் பிறந்தபோது செவிலியர் சகோதரி மாநில இல்லத்திலேயே இருந்தார். பழைய மருத்துவமனைப் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டாயிற்று, புதிய பணி தொடங்கவில்லை. விருந்தினர் அறையில் பெட்டி கட்டியபடியே கிடந்தது. காலையில் தோட்டத்துக்குத் தண்ணீர், மதியம் சமையலறையில் உதவி, சாயங்காலம் அலுவலகத்தில் மின்னஞ்சல் வந்ததா என்று ஒரு விசாரிப்பு. ஊரில் நிலைமை இன்னும் மோசம். பொன்னாடை போர்த்தி அனுப்பிய பெண் இன்னும் தமிழ்நாட்டில்தான் இருக்கிறாள் என்பது தெரிந்ததும், ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும் அம்மாவை நிறுத்தி, "சிஸ்டர் இன்னும் போகலியா? எதும் பிரச்சினையா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். கேட்டவர்கள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு ஊரில் ஒரு நிழல் உண்டு: சபையை விட்டு வரப்போகிறாளோ என்பது. அந்த அம்மா கொஞ்ச நாள் பக்கத்துப் பங்குக்குப் போய் பூசை கண்டார். மகள் இதை அம்மா சொல்லி அறியவில்லை, தம்பி சொல்லித்தான் அறிந்தார்.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

*குறுக்குவழி வேண்டாம்.* செப்டம்பர் நடுவில் ஒரு யோசனை வந்தது. 50 டாலர் கட்டினால் சாதாரண நுழைவு விசா இணையத்திலேயே கிடைக்கும்; அதில் இருவரும் போய்ச் சேரட்டும், மற்றதை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். வேறு இல்லங்களில் இப்படிச் செய்திருக்கிறார்கள் என்றும் சொல்லப்பட்டது. தலைவியின் ஆலோசனைக் குழுவில் இருவர் இதற்குச் சம்மதம்.

நான் கடுமையாக மறுத்தேன். அந்த விசா சுற்றிப் பார்க்கவும் உறவினரைப் பார்க்கவும் தரப்படுவது; அதில் போய் மருந்தகத்தில் நிற்பது சட்டப்படி வேலை செய்வதாகிவிடும். பிடிபட்டால் அபராதமும் வெளியேற்றமும் அந்த இளம் சகோதரியின் பாஸ்போர்ட்டில்தான் பதியும், யோசனை சொன்னவர்களின் பாஸ்போர்ட்டில் அல்ல. அங்கே ஏற்கெனவே ஒழுங்கான அனுமதியோடு இருக்கும் சகோதரிகளின் புதுப்பிப்பும் சிக்கலாகும். தலைவி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: விமான நிலைய அதிகாரி "எதற்கு வந்தீர்கள்?" என்று கேட்டால் இவர்கள் என்ன சொல்வார்கள்? யாரிடமும் பதில் இல்லை. யோசனை அன்றோடு போயிற்று.

*பாஸ்போர்ட்டை மூலமாக வைப்பது.* பெயர்ச் சிக்கலுக்கு இரண்டு வழி இருந்தன. துறவறப் பெயரை அரசிதழில் வெளியிட்டு எல்லாவற்றையும் அதற்கு மாற்றுவது ஒன்று. பாஸ்போர்ட்டைச் சரிசெய்து, மற்ற எல்லாக் கடிதங்களையும் அதற்கு இசைய எழுதவைப்பது மற்றது. அரசிதழ் வழி கேட்க நன்றாக இருந்தது. ஆனால் பள்ளிச் சான்றிதழும் செவிலியர் பட்டயமும் பழைய பெயரிலேயே நிற்கும், ஒவ்வொன்றுக்கும் அரசிதழ்ப் பக்கத்தைக் காலமெல்லாம் சேர்த்துக் காட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஆகவே இரண்டாம் வழி.

துறவிகள் பெற்றோர் பெயருக்குப் பதிலாக ஆன்மிக குருவின் பெயரைப் பாஸ்போர்ட்டில் தரலாம் என்று 2016 டிசம்பரில் விதி தளர்த்தப்பட்டதே, அது உதவாதா என்று ஒருவர் கேட்டார். உதவாது. அதற்கு வேறு ஏதாவது அரசு ஆவணத்தில் குருவின் பெயர் அந்த இடத்தில் ஏற்கெனவே பதிவாகியிருக்க வேண்டும். தவிர, இங்கே பிரச்சினை பெற்றோர் பெயருக்கான கட்டத்தில் அல்ல, அவருடைய சொந்தப் பெயரில்.

முதலில் ஆதாரில் கன்னியர் இல்ல முகவரி ஏற்றப்பட்டது. பிறகு முகவரி மாற்றம், தகப்பனார் பெயரின் எழுத்துத் திருத்தம் இரண்டையும் ஒரே விண்ணப்பத்தில் வைத்துப் பாஸ்போர்ட் மறுவெளியீடு கேட்கப்பட்டது. 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்கு 1500 ரூபாய். கூடுதலாக 2000 ரூபாய் கட்டி தத்காலில் போகலாமே என்று கேட்டார்கள். பெயர்த் திருத்தம் உள்ள கோப்பை அவசரப்படுத்தி அது நடுவில் சிக்கிக்கொண்டால் இரட்டை நஷ்டம் என்பதால் சாதாரண வழியிலேயே போனோம். பி.சி.சி. புதிய பாஸ்போர்ட் வந்த பிறகுதான் என்றும் முடிவானது. இந்த வரிசையால் பல வாரம் கூடும் என்பது தெரிந்தே எடுத்த முடிவு. அவசரத்தில் பழைய முகவரியிலேயே இன்னொரு முறை பி.சி.சி. போட்டிருந்தால் இன்னொரு முறை நின்றிருக்கும்.

ஆயரின் கடிதம் பாஸ்போர்ட் பெயரில் திருத்தி வாங்கப்பட்டது. துறவறப் பெயர் அதில் "என அழைக்கப்படும்" என்ற அளவில் மட்டும். நான்கு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன் ஓர் உறுதிமொழிப் பத்திரமும் தயாரானது. செவிலியர் குழுமத்துக்கு அதுதான் கை கொடுத்தது.

*டி வகுப்பு, உண்மை விவரத்தோடு.* செவிலியர் சகோதரிக்கு எந்த வகுப்பு என்பதைத் தமிழ்நாட்டில் உட்கார்ந்து முடிவு செய்யக்கூடாது என்று அங்குள்ள இல்லத்தை நேரில் போய்க் கேட்கச் சொன்னோம். அறப்பணி அமைப்பின் துறவியாக டி வகுப்பில் விண்ணப்பிக்கலாம். செவிலியர் என்பதை மறைக்கக்கூடாது. மன்றப் பதிவு கிடைக்கும்வரை சிகிச்சை செய்யக்கூடாது என்று பதில் கிடைத்தது. அதன்படியே விண்ணப்பம் போனது. கூடவே ஆயர் பேரவையின் பரிந்துரைக் கடிதமும் கேட்டார்கள், வாங்கிக் கொடுத்தார்கள்.

*இருவரையும் பிரிப்பது.* நவம்பரில் ஆசிரியர் சகோதரியின் இரண்டு அனுமதிகளும் வந்துவிட்டன. மற்றவருடையது எப்போது என்று சொல்ல முடியாத நிலை. இருவர் இருவராக அனுப்புவதுதான் சபை மரபு, நற்செய்தியிலும் அப்படித்தான். குழுவில் நெடுநேரம் பேசினார்கள். காத்திருந்தால் ஆசிரியர் சகோதரி ஜனவரி மொழித் தொகுதியையும் இழப்பார். ஜூனில் வாங்கிய அவருடைய பி.சி.சி.யும் பழசாகிக்கொண்டிருந்தது. விடுமுறையில் வந்திருந்த மூத்த சகோதரி ஒருவர் ஜனவரியில் தான்சானியா திரும்புவதாக இருந்தார். அவரோடு ஆசிரியர் சகோதரியை அனுப்புவதென்று முடிவானது. இருவர் என்ற மரபும் காப்பாற்றப்பட்டது.

இந்த முடிவைச் செவிலியர் சகோதரிக்குச் சொன்ன விதத்தைக் குறிப்பிட வேண்டும். அறிவிப்புப் பலகையில் போடாமல், மேசைப் பேச்சில் காதில் விழவிடாமல், தலைவியே கூப்பிட்டு உட்காரவைத்து, அவருடைய கோப்பு எந்த நிலையில் இருக்கிறது, அடுத்து யார் என்ன செய்ய வேண்டும் என்பதை ஒவ்வொரு தாளாகக் காட்டினார். அதுவரை "வந்துடும் சிஸ்டர், செபம் பண்ணுங்க" என்பதுதான் எல்லோரும் அவருக்குச் சொன்ன பதில். தன் கோப்பை அன்றுதான் முதல்முறையாக முழுசாகப் பார்த்தேன் என்று பிறகு என்னிடம் சொன்னார்.

*காத்திருப்புக்கு ஒரு பணி.* அந்தச் சந்திப்பிலேயே இன்னொன்றும் முடிவானது. செவிலியர் சகோதரி மார்ச் இறுதிவரை மலைப்பகுதி மருந்தகம் ஒன்றில் பொறுப்புச் செவிலியர். உதவிக்கு வந்தவர் என்று அல்ல, பெயர் எழுதிய நியமனக் கடிதத்தோடு. அனுமதி நடுவில் வந்தாலும் மார்ச் இறுதிக்கு முன் எடுக்கமாட்டோம் என்று அந்த இல்லத்துக்கும் அவருக்கும் வாக்குக் கொடுக்கப்பட்டது. இதை இருவர் எதிர்த்தார்கள். அனுமதி வந்த பிறகும் ஏன் நிறுத்திவைக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். தலைவியின் பதில்: நாளைக்கே போய்விடலாம் என்று இருப்பவரால் எந்த நோயாளியின் பெயரையும் நினைவில் வைக்க முடியாது.

இந்த இடத்தில் புனித சவேரியாரின் நினைவு வராமல் இருக்காது. 1541 ஏப்ரல் 7ஆம் தேதி லிஸ்பனில் கப்பலேறியவர் கோவா வந்து சேர்ந்தது 1542 மே 6ஆம் தேதி. நடுவில் காற்று வாய்க்காமல் மாதக்கணக்கில் மொசாம்பிக்கில் கிடந்தார். அந்த மாதங்களில் அவர் கப்பலில் வந்த நோயாளிகளைக் கவனித்துக்கொண்டிருந்தார். முத்துக்குளித்துறைக்கு வந்ததெல்லாம் அதற்கும் பிறகு. இதைத் தலைவி எடுத்துச் சொன்னபோது செவிலியர் சகோதரி சிரித்தாராம்: "அவருக்கு பி.சி.சி. கேக்கல மதர்."

*மொழி.* பெங்களூருவில் படிக்கும் தான்சானியச் சகோதரி ஒருவர் வாரம் இருமுறை தொலைபேசியில் சுவாகிலி சொல்லிக்கொடுக்க ஒப்புக்கொண்டார். இலக்கணத்தை விட்டுவிட்டு, மருந்தகத்தில் கேட்கும் கேள்விகளிலிருந்து தொடங்கினார்: எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக, குழந்தை பால் குடிக்கிறதா. செலவு என்று பார்த்தால் ஒன்றுமில்லை. ஜூலையிலேயே தொடங்கியிருக்கலாம், யாருக்கும் தோன்றவில்லை.

பின்னர் நடந்தது

ஆகஸ்டுச் சீட்டுகள் இரண்டும் வீண். தேதி மாற்றக் கட்டணமும் விலை வித்தியாசமும் சேர்த்தால் புதுச் சீட்டே மலிவு என்றானது.

ஆசிரியர் சகோதரி ஜனவரியில் போய்ச் சேர்ந்து, அந்தத் தொகுதியிலேயே மொழி வகுப்பில் சேர்ந்தார். அவருடைய பயணத்தில் சொல்ல வேண்டியது ஒன்றுதான். சென்னையில் விமான நிறுவனக் கவுன்டரில் திரும்பும் சீட்டு எங்கே என்று கேட்டு நிறுத்திவிட்டார்கள். இரண்டு அனுமதிகளின் அச்சுப் பிரதியும் ஆயரின் கடிதமும் கைப்பையில் இருந்ததால் விட்டார்கள். பிரதிகளை முதலில் பெரிய பெட்டியில் வைத்திருந்தார். கூட வந்த மூத்த சகோதரிதான் வீட்டிலேயே எடுத்துக் கைப்பையில் வைக்கச் சொன்னவர்.

செவிலியர் சகோதரியின் புதிய பாஸ்போர்ட் நவம்பர் கடைசியில் வந்தது. பி.சி.சி.க்கான காவல் விசாரணை இம்முறை கன்னியர் இல்லத்துக்கு வந்தது. வரும் நாளில் அவர் மலையில் இருந்தால் மறுபடி சிக்கலாகும் என்பதால், அழைப்பு வந்ததும் இறங்கி வர ஏற்பாடு இருந்தது. அப்படியே வந்து கையெழுத்துப் போட்டார். செவிலியர் குழுமத்தின் நற்சான்று ஜனவரியில், பணி அனுமதி பிப்ரவரியில், வசிப்பு அனுமதி மார்ச்சில்.

யாரும் எதிர்பாராத ஒரு சிக்கல் மஞ்சள் காய்ச்சல் அட்டையில் வந்தது. ஜூலையிலேயே இருவரும் கிண்டி கிங் நிலையத்தில் ஊசி போட்டிருந்தார்கள். இந்தியாவிலிருந்து நேரே போகிறவர்களைத் தான்சானியா இதற்காகக் கேட்பதில்லை. ஆனால் எத்தியோப்பியா, கென்யா போன்ற நாடுகளின் விமான நிலையத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் தங்கிப் போனால் கேட்கும். அந்த நாடுகள் வழியாக ஊர் திரும்பும்போது இந்தியாவும் கேட்கலாம். ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்து சான்று செல்லும்; 2016 ஜூலை முதல் அது வாழ்நாள் முழுவதும் செல்லுபடியாகும் என்பதால் காலாவதிக் கவலை இல்லை. ஆனால் அட்டையில் எழுதியிருந்தது பழைய பாஸ்போர்ட் எண்ணும் பழைய எழுத்தும். ரத்து முத்திரை குத்தித் திருப்பித் தரப்பட்ட பழைய பாஸ்போர்ட்டை அட்டையோடு சேர்த்து எடுத்துப் போகச் சொன்னோம். தூக்கிப் போட்டிருந்தால் மறுபடி சென்னைக்கு அலைய வேண்டியிருந்திருக்கும். வழியில் அதிக நேரம் தங்காத சீட்டாகவும் பார்த்து எடுத்தோம்.

அனுமதி மார்ச் நடுவில் வந்தும், வாக்குக் கொடுத்தபடி மாத இறுதிவரை அவர் மலையிலேயே இருந்தார். ஏப்ரல் இரண்டாம் வாரம் புறப்பட்டார். இம்முறை வழியனுப்பு எதுவும் இல்லை. பங்குத்தந்தை பூசையில் ஒரு வரி அறிவித்தார், அவ்வளவுதான். அம்மா தன் பங்குப் பூசைக்கு அதற்கு முன்பே திரும்பியிருந்தார். மகள் மலையில் மருந்தகம் பார்க்கிறாள் என்று சொல்ல ஒரு பதில் கிடைத்ததே அதற்குக் காரணம் என்று தம்பி சொன்னார்.

தான்சானியாவில் மன்றப் பதிவுக்கு மேலும் சில மாதங்கள் ஆயின. அதுவரை அவர் மொழி படித்தார், மருந்து இருப்புக் கணக்கு எழுதினார், ஊசியைத் தொடவில்லை. வரிசையில் நிற்கும் தாய்மாருக்கு முன்னால் கையைக் கட்டி நிற்பது, ஊரில் காத்திருந்ததைவிடக் கடினமாக இருந்தது என்று எழுதியிருந்தார். இந்தக் காலத்தை யாரும் திட்டத்தில் கணக்கிடவில்லை. பயணத் தாமதம் முடிந்தால் தாமதம் முடிந்தது என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

மாற்றியவையும் மாற்ற வேண்டியவையும்

சபை இப்போது வரிசையைத் தலைகீழாக்கியிருக்கிறது. மிஷனுக்குப் போக விருப்பம் தெரிவித்தவர்களின் ஆவணங்கள், பெயர் அறிவிக்கும் முன்பே பார்க்கப்படுகின்றன. போகப்போவது யார் என்பது அப்போது முடிவாகியிருக்காது. முதல் வார்த்தைப்பாடு முடித்த எல்லோருக்கும் ஆதார், பான், சான்றிதழ்கள், பாஸ்போர்ட் ஆகியவற்றின் எழுத்துகளை ஒப்பிட்டு ஒரு தாள் எழுதிவைக்கிறார்கள். என் பார்வையில் இந்த நிகழ்விலிருந்து பிற இல்லங்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய முதல் காரியம் இது. செலவில்லாதது; ஆள் வெளிநாடு போகாவிட்டாலும் பயன்படுவது. தாமதத்தின் பெரும்பகுதி தான்சானியாவின் தார் எஸ் சலாமிலோ டெல்லியிலோ உண்டாகவில்லை. நம் வீட்டு அலமாரியில் உண்டானது.

வசிப்பு அனுமதி கையில் வந்த பிறகே வழியனுப்பு என்பது எழுதாத விதியாக இருந்து, இப்போது எழுதிய விதி. சீட்டும் அப்படித்தான். பங்குகளில் இதற்குக் கொஞ்சம் மனவருத்தம் உண்டு. புறப்படப் பத்து நாள் இருக்கும்போது சொன்னால் எப்படி விருந்து வைப்பது என்று கேட்கிறார்கள். சரி, சின்ன விருந்தாக வைக்கட்டும்.

பழைய பணியிலிருந்து விடுவிப்பதும் அனுமதி வந்த பின்புதான். அது முடியாமல் போனால் காலவரையறை உள்ள வேறு நியமனம். மலை மருந்தகத்தில் செய்தது ஒரு விதத்தில் அதிர்ஷ்டம். அங்கே அப்போது இடம் காலியாக இருந்தது. ஒவ்வொரு முறையும் அப்படி இடம் கிடைக்காது, இதற்குத் தீர்வு இன்னும் இல்லை.

ஒரு கருத்து வேறுபாடு தீராமலே இருக்கிறது. செவிலியரைச் செவிலியராகவே, தொழில் வகுப்பில் அனுமதி வாங்கி, மன்றப் பதிவையும் இங்கிருந்தபடியே முடித்து அனுப்பலாம் என்கிறது ஒரு தரப்பு. போய்ச் சேர்ந்து மாதக்கணக்கில் கைகட்டி நிற்பதை அது தவிர்க்கும். சம்பளம் வாங்காத துறவியை ஊழியராகக் காட்டுவது பொருந்தாது, புதுப்பிக்கும்போது வேறு கேள்விகள் எழும் என்கிறது மறு தரப்பு. எனக்கு இரண்டாம் பக்கமே சரியாகப் படுகிறது. ஆனால் பதிவு விண்ணப்பத்தையாவது பணி அனுமதி விண்ணப்பத்தோடு ஒரே சமயத்தில் தொடங்கியிருக்கலாம்; அதை யாரும் தடுக்கவில்லை.

அடுத்த அணியில் மூவர் பெயர் பேசப்படுகிறது, இன்னும் அறிவிக்கவில்லை. ஒருவரின் ஆதாரில் பிறந்த தேதி பள்ளிச் சான்றிதழோடு ஒத்துப்போகாததால் திருத்த விண்ணப்பம் போயிருக்கிறது. மற்ற இருவருக்கும் சுவாகிலி வகுப்பு தொடங்கியாயிற்று.